பசித்த பிள்ளை விரித்த பந்தி

(அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வாள் சுழற்றிய கதாநாயகனைப் பற்றியோ, கோட்டையில் அமர்ந்த முதலமைச்சரைப் பற்றியோ பேச நான் வரவில்லை. அவர்களைப் பற்றிப் பேச ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஆறேழு வயதில் நாடகக் கம்பெனிக்குப் போன ஒரு சிறுவனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு சோற்றுக்காக மேடையேறிய அந்தச் சிறுவன், வளர்ந்து பெரியவனான பிறகு தன் பசியை என்ன செய்தான்? மறந்தானா? மறைத்தானா? அல்லது ஊருக்கே பந்தி விரித்தானா? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அந்தச் சிறுவன் பிறந்தது 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், இலங்கையில் கண்டிக்கு அருகேயுள்ள நாவலப்பிட்டியில். தந்தை மருதூர் கோபால மேனன். தாய் சத்தியபாமா. சிறுவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தந்தை இறந்துபோனார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அந்தத் தாய் எங்கே வந்தார்? நமக்குப் பக்கத்தில்தான் வந்தார். இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் எட்டிவிடுகிற கும்பகோணத்துக்கு வந்தார். அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் படித்தது கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில். படித்தது என்ன பெரிய படிப்பு? மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை? வீட்டில் உலை கொதிக்கவில்லை, அதனால் தாண்டவில்லை. பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கஞ்சி கொடுத்து உயிரைக் காப்பாற்றியதையும் அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவரே சொன்னார். எப்போது சொன்னார் தெரியுமா? கோடிக்கணக்கில் செலவாகும் ஒரு திட்டத்தை அறிவித்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று விளக்கும்போது சொன்னார். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். அந்தக் கஞ்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, பெற்ற பிள்ளையை நாடகக் கம்பெனிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் அந்தக் காலத்தில் ஆயிரம் தாய்மார்கள் அனுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நாடகம் சிறுவர்களின் தோளில்தான் நின்றது. பாய்ஸ் கம்பெனி என்று பெயர். ராஜபார்ட்டும் சிறுவன், ஸ்திரீபார்ட்டும் சிறுவன், கள்ளபார்ட்டும் சிறுவன், பபூனும் சிறுவன். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு சபையை 1918இல் தொடங்கினார். பின்னாளில் ஔவை சண்முகம் என்று நாடு கொண்டாடிய டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. நம் ராமச்சந்திரனும் அவர் அண்ணனும் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்? விடிவதற்கு முன் எழுப்பிவிடுவார்கள். குரல் சாதகம், பிறகு பாட்டு, பிறகு வசனப் பாடம். பிரம்போடு வாத்தியார். கம்பெனி வீட்டில் வரிசையாக உட்கார்த்திவைத்துச் சோறு. சாயங்காலம் அரிதாரம். இரவெல்லாம் நாடகம், விடிய விடிய நாடகம். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் படுதா, சாமான், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பயணம். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால்? கம்பெனி விடவேண்டும். கம்பெனி எப்போது விடும்? யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது ஆகும்போது குரல் உடையும். நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கணீரென்று பாடிய தொண்டை இன்று கரகரக்கும். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்குக் கேட்காத குரலை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? வேஷம் போகும், மரியாதை போகும். முந்தின மாதம் ராஜபார்ட் போட்டவன் இந்த மாதம் கூட்டத்தோடு நிற்பான். வளர்வதே ஒரு பிள்ளைக்குத் தண்டனையாக இருந்த தொழில் அது. அந்த பயத்தோடு வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னாளில் தமிழ் சினிமாவையே தூக்கி நிறுத்தினார்கள். பி.யு. சின்னப்பா அப்படி வந்தவர். எம்.ஆர். ராதா அப்படி வந்தவர். சிவாஜி கணேசன் அப்படி வந்தவர்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை இங்கே நிறுத்திச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. அவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன். பண்டம் விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே கற்றான், ஒருநாள் அந்த மேடையிலேயே ஏறினான். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் கலைவாணரும் நடித்தார், எம்.ஜி.ஆரும் நடித்தார். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சின்னஞ்சிறு போலீஸ் வேடம். அதற்குப் பிறகு கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வருவதற்கு 1947 வரை காத்திருந்தார். பதினோரு வருடம்! அந்தப் பதினோரு வருடத்தில் கலைவாணரை அண்ணனாக, ஆசானாகப் பக்கத்திலிருந்து பார்த்தார்.

பார்த்தது என்ன? கொடுக்கிற கையைப் பார்த்தார். கேட்டவனுக்குக் கொடுத்தார் கலைவாணர், கேட்கக் கூச்சப்பட்டவனுக்கும் கொடுத்தார். காந்தி மறைந்தபோது நாகர்கோவிலில் சொந்தச் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கி, 1944 கடைசியிலிருந்து 1947 வரை சிறையில் கிடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய் விடுதலையாகி வந்தார். சிறையும் வழக்கும் செல்வத்தைக் கரைத்தன. அப்போதாவது கையை மூடினாரா? மூடவில்லை. 1957 ஆகஸ்ட் 30இல், நாற்பத்தெட்டு வயதில் அவர் மறைந்தபோது, அள்ளிக் கொடுத்த அந்த வீட்டில் செல்வம் மிச்சமில்லை. அவர் பிள்ளைகளின் படிப்புக்கு எம்.ஜி.ஆர். துணை நின்றார்.

இங்கே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நன்றாக யோசியுங்கள். கலைவாணரைவிட நல்ல மனம் யாருக்கு இருக்க முடியும்? இருந்தும் அவர் கை ஓய்ந்த அன்று, அந்தக் கையை நம்பி வாசலில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? அடுத்த மாதம் யாரிடம் போனார்கள்? தனி மனிதனின் ஈகை எவ்வளவு பெரியதானாலும் அந்த மனிதனின் ஆயுள்தான் அதற்கும் ஆயுள். இதை எம்.ஜி.ஆர். கண்ணால் கண்டார் என்று நான் நினைக்கிறேன். கண்டதைப் பாடமாக்கிக்கொண்டதுதான் அவர் வாழ்வின் முக்கியமான திருப்பம் என்றும் நினைக்கிறேன்.

அவரும் முதலில் கையால்தான் கொடுத்தார். சென்னையில் மழையில் நனைந்துகொண்டு ரிக்‌ஷா இழுத்தவர்களைப் பார்த்துவிட்டு, ஆயிரக்கணக்கானோருக்கு மழைக்கோட்டு வழங்கினார். அப்போது ‘ரிக்‌ஷாக்காரன்’ படமெல்லாம் எண்ணத்தில்கூட இல்லை. அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றது பத்து வருடம் கழித்து. குடிசைகள் தீப்பிடித்தால் உதவி, வெள்ளம் வந்தால் உதவி, 1962இல் சீன யுத்தம் வந்தபோது பாதுகாப்பு நிதி. அவர் வசித்த ராமாவரம் தோட்டத்துக்கு யார் போனாலும் முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதுதான் என்று அங்கே போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தேர்தல் ஆதாயம் பார்த்துச் செய்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அரசியலில் இருந்தவர், அந்தக் கணக்கே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பசித்த பிள்ளை சாப்பிடும்போது, போட்டவன் மனதில் வேறு என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டா சாப்பிடும்?

தோழர்களே, இப்போது 1982க்கு வருவோம். ஜூலை 1ஆம் நாள். இடம், திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சி. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு அரியலூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்கள் இல்லை. நாமெல்லாம் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். நம்முடைய மாவட்டத்தில்தான் அந்த முதல் பந்தி விரிந்தது!

பள்ளியில் சோறு போடுவது அவர் கண்டுபிடித்ததா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920லேயே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் தொடங்கிவைத்தார். பெருந்தலைவர் காமராஜர் ஐம்பதுகளில் ஊர் ஊராகப் போய், மடியேந்திக் கேட்டு, மாநிலம் முழுவதும் மதிய உணவைக் கொண்டுவந்தார். அந்த அடித்தளம் இல்லாமல் 1982 இல்லை. பிறகு எம்.ஜி.ஆர். செய்தது என்ன? பள்ளிக்கே வராத இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கினார். கிராமத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் சூடான சோறு என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் நீட்டினார். 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார். தொடக்கத்திலேயே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்!

பணத்துக்கு எங்கே போவது என்றார்கள். வாக்கு வாங்கும் வேலை என்றார்கள். அரிசியைப் போட்டு நாட்டை வளர்க்க முடியுமா, அணை கட்டு, ஆலை கட்டு என்றார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின. அப்போதுதான் அவர் அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர், புள்ளிவிவரத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அம்மாவைச் சாட்சிக்கு அழைத்தார்.

இந்த மண்ணுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டுமா? இது மானாவாரிச் சீமை. மழை பெய்தால் கடலையும் கம்பும் உண்டு, பொய்த்தால் கூலி வேலையும் இல்லை. அந்தக் காலத்தில் ஆடு மேய்க்கப் போன பையனைத் தட்டும் கையுமாகப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பியது எது? அம்மா களையெடுக்கப் போனதால் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு நின்ற பெண்பிள்ளையை வகுப்புக்குள் உட்காரவைத்தது எது? பன்னிரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்திலிருந்து வருமே, சாம்பாரில் கத்தரிக்காய் வேகிற மணம், அது வாத்தியார் பிரம்பால் செய்ய முடியாததைச் செய்தது.

இன்னொன்றையும் நிறுத்திச் சொல்கிறேன். அந்தச் சோற்றை ஆக்கியவர்கள் யார்? ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களைப் போட்டார்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நின்ற ஒரு சத்தியபாமாவுக்கு ஊரிலேயே ஒரு வேலை கொடுத்தால், அவள் பிள்ளை நாடகக் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை அல்லவா? திட்டம் போட்டவர் மனதில் தாயின் முகம் வந்ததா என்று யாருக்குத் தெரியும். எனக்கு வந்தது. படிக்கும்போதெல்லாம் வருகிறது.

பந்தி என்றால் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி நம் ஊரில் உடனே வரும். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று மல்லுக்கட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. இன்றும் அங்கங்கே கேள்விப்படுகிறோம். வெட்கம்! ஆனால் பிள்ளைகள் மல்லுக்கட்டவில்லை. பெரியவர்கள் தூண்டிவிடாத இடத்தில் எந்தப் பிள்ளையும் சாதி கேட்டுத் தட்டை நீட்டியதில்லை.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். சத்துணவு மறைந்ததா? கவனியுங்கள், என் பேச்சின் மையம் இதுதான். கலைவாணர் மறைந்தபோது அவர் கொடை நின்றது. எம்.ஜி.ஆர். மறைந்தபோது அடுத்த பள்ளி நாளில் அடுப்பு எரிந்தது. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது, அடுப்பு எரிந்தது. கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் சேர்ந்தன. ஸ்டாலின் ஆட்சியில் 2022இல் காலை உணவு சேர்ந்தது. அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பிள்ளைகளின் உரிமையாகவே எழுதப்பட்டது. நம் அரியலூர் வாரணவாசியில் 2024 நவம்பரில் ஓர் அங்கன்வாடி மையத்தில்தான், ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கட்சி மாறியது, கொடி மாறியது, தட்டு மாறவில்லை. ஒரு மனிதன் கையால் கொடுத்ததை அரசின் வரவுசெலவுக் கணக்கில் ஏற்றியதால் வந்த நிலைபேறு இது.

இனி, அவர் கடைசியாகக் கொடுத்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். குரல் உடைந்தால் சோறு போகும் என்ற பயத்தில் வளர்ந்த பிள்ளை அல்லவா அவர்? 1967 ஜனவரி 12இல் ஒரு துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. பிழைத்தார். ஆனால் குரல் மாறிவிட்டது, ஒரு காதின் கேட்கும் திறனும் போனது. ‘காவல்காரன்’ படம் பாதியில் நின்றிருந்தது. வேறொருவரை வைத்துக் குரல் கொடுத்திருக்கலாம். அவர் மறுத்தார். உடைந்த குரலிலேயே பேசினார். மக்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். 1984இல் நோய் தாக்கி, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனை வரை போய் மீண்டு வந்தபோது, பேச்சும் தடுமாறியது. ஊரையே கட்டிப்போட்ட வாய், ஒரு சொல்லைச் சொல்லப் போராடியது. அந்த மனிதர் தன் ராமாவரம் தோட்டத்தில் யாருக்கு இடம் எழுதி வைத்தார் தெரியுமா? காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளின் பள்ளிக்கு! இன்றும் அந்தத் தோட்டத்தில் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பசி தெரிந்தவர் சோறு போட்டார். குரல் இழந்தவர் குரலற்ற பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்.

சிறுவனாக நடிக்க வந்து, வளர்ந்து, தனக்குக் கிடைத்த கூட்டத்தை நல்ல வழிக்குத் திருப்பியவர் அவர் ஒருவர்தானா? 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அறிமுகமான கமல்ஹாசன், தன் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றினார். கட்அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞனை ரத்த தானத்துக்கும் கண் தானத்துக்கும் அழைத்தார். தன் உடலையே சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. சாப்ளினோடு 1921இல் ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற அமெரிக்கச் சிறுவன், அனாதைக் குழந்தைகளுக்காக ஊர் ஊராகப் போய் உணவும் உடையும் திரட்டினான். ஆனால் அவன் சம்பாதித்த பணத்தை அவன் பெரியவனாகும் முன்பே அவன் வீட்டாரே செலவழித்துவிட்டார்கள். அவன் போட்ட வழக்கின் விளைவாக, சிறுவர் நடிகர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 1939இல் சட்டம் வந்தது.

நம் நாட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி படப்பிடிப்பில் ஒரு பிள்ளை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். இன்றைக்குத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கும் நடனப் போட்டிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே போகிறார்கள். போகட்டும், மகிழ்ச்சி. அழைத்துப் போகிற பெற்றோர்களே, அந்தப் பாஸ்புக் எங்கே என்று கேளுங்கள். நள்ளிரவு வரை பிள்ளையைக் கண்விழிக்க வைத்தால் ஏன் என்று கேளுங்கள். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்காகக் கேட்க அன்று ஆளில்லை.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். நாற்பது வருடமாக இந்தப் பந்தியை நடத்திக்கொண்டிருக்கும் சத்துணவு ஊழியர்கள் இன்னும் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நின்று போராடுகிறார்கள். நாட்டின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள், ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகும்போது கையில் வாங்கிப் போவது எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். பெயரைச் சொல்லி மாலை போடுகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். அங்கே இரண்டு பேர், இங்கே ஒருவர், பின்னால் இன்னும் இருவர். திங்கட்கிழமை மதியம் பள்ளிக்குப் போங்கள். சமையல் கூடத்துக் கூரையைப் பாருங்கள், பருப்பைப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், முட்டையை எண்ணுங்கள். சமையலம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளோடு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள், நானும் உங்களோடு அரியலூருக்கு வந்து ஆட்சியரிடம் மனு கொடுக்கிறேன்.